கீசர் மாற்றப்போகும் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய வீட்டு உரிமையாளர்களே,

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைக் குளிர் தலைகாட்டும் இந்தப் பருவத்தில், கோயம்புத்தூரிலும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓசூரிலும், குளிர் என்று சொல்லிக்கொள்ள அதிகமாக ஒன்றுமில்லாத சென்னையிலுங்கூட, வாடகைக்கு விடப்பட்ட வீடுகளிலிருந்து அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஒரே விதமான செய்தி போய்ச் சேர்வது வழக்கம்: கீசர் ஒழுகுகிறது, அல்லது தண்ணீர் சூடாகவில்லை, அல்லது சுவிட்சைப் போட்டால் மெயின் விழுந்துவிடுகிறது. செய்தி கிடைத்ததும், தெரிந்த கடையில் பழையதன் அளவிலேயே ஒன்றை வாங்கி, தெரிந்த பிளம்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பி, பழையதை இறக்கிய அதே போல்ட்டுகளில் புதியதை ஏற்றி, அதே ஒயரில் முடிந்து, மாலைக்குள் காரியத்தை முடித்துவிடுகிறீர்கள். இதில் உங்களுக்கு உலோப குணமோ, குடியிருப்பவர் மீது அன்பின்மையோ இருப்பதாக நான் எண்ணவில்லை. தாமதமின்றிச் செய்துகொடுத்தோம் என்ற திருப்தியே உங்களுக்கு இருக்கும். ஆனால் அந்த ஒரு மாலையில் செய்யப்படாமல் விடப்படுகிறவை சில உண்டு. அவை உயிர் சம்பந்தமானவை. அவற்றைச் செய்ய உங்களையன்றி வேறொருவருக்கும் அதிகாரமில்லை என்பதனாலேயே இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சட்டம் இந்த விஷயத்தை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதற்காகத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்குள் ஓடும் மின் ஒயர்களையும், அவசியம் நேரும்போது குழாய்களை மாற்றுவதையும் உரிமையாளரின் கடமையாகவும், குழாய் வாஷர், சுவிட்சு, பிளக் ஆகியவற்றோடு கீசரைப் பழுதுபார்ப்பதையும் வாடகைதாரரின் கடமையாகவும் வகுத்திருக்கிறது. ஏட்டில் பார்த்தால் இது நியாயமான பங்கீடுதான். ஆயினும் கீசர் என்பது தனியாக நிற்கும் பொருளன்று. பின்னால் ஓடும் ஒயரும், கீழே வரும் குழாயும், மண்ணில் புதைந்த எர்த்தும் சேர்ந்தால்தான் அது கீசர்; அவற்றைப் பிரித்துவிட்டால் அது சுவரில் தொங்கும் ஓர் இரும்புப் பாத்திரம். வாடகைதாரருக்குரிய பொருளும் உங்களுக்குரிய சுவரும் சந்திக்கும் அந்த இடத்தை, இது அவருடையது என்று நீங்களும், இது உங்களுடையது என்று அவரும் எண்ணிக்கொண்டிருக்க, அங்கேதான் அபாயம் குடிகொள்கிறது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்து குடியேறுகிறவர், பிறருடைய சுவரை உடைத்துப் பார்க்கத் துணியமாட்டார். துணிந்தாலும் நீங்கள் சம்மதிக்கமாட்டீர்கள். ஆகவே பழைய கீசர் இறங்கிப் புதியது ஏறும் அந்த இடைவேளை ஒன்றுதான், அந்தச் சுவரின் உண்மை நிலை கண்ணுக்குத் தெரியும் சந்தர்ப்பம். அதை நழுவவிட்டால் அடுத்த சந்தர்ப்பம் வர ஏழெட்டு வருஷங்களாவது ஆகும்.

எர்த் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் மற்றவை யாவும் சரியாக இருந்து இது ஒன்று இல்லாவிட்டாலும் பிரயோஜனமில்லை.

கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் என்பது, ஓர் உலோகக் குழலுக்குள் மின்சாரம் ஓடும் கம்பிச் சுருளை வைத்து, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொடியை இறுக்கி அடைத்துச் செய்யப்பட்ட சாதனம். போர் தண்ணீரின் உப்பு அதன்மீது படிந்து படிந்து, உஷ்ணம் வெளியேற வழியின்றி, என்றேனும் ஒரு நாள் அந்த உலோகக் குழல் வெடிப்பு விடுகிறது. அக்கணமே, குளிப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாமல், தொட்டியின் உடம்பும் அதிலிருந்து வரும் தண்ணீரும் அத்தண்ணீர் ஓடும் உலோகக் குழாய்களும் மின்சாரத்தின் பாதையாகிவிடுகின்றன. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, நனைந்த கையால் குழாயைத் திருப்புகிற மனிதரைவிட மின்சாரத்துக்கு வசதியான வழி வேறெதுவும் வீட்டில் கிடையாது. தொட்டியின் உடம்பிலிருந்து ஒரு பச்சை ஒயர் நேரே மண்ணுக்குப் போயிருந்தால், கசிந்த மின்சாரம் பெரும்பாலும் அவ்வழியே போய்விடும். இல்லாவிட்டால் அந்த மனிதரின் வழியே போகும்.

நான் குடியிருக்கும் வீட்டில் பழைய கீசரை மாற்ற வந்த ஒயர்மேன், வயதானவர், நிதானமான கைக்காரர், புதிய பெட்டியைத் திறப்பதற்கு முன்னமே பிளக் பாயின்ட்டின் தகட்டைக் கழற்றினார். மூன்று துளைகளில் மேலே இருக்கும் பெரிய துளையின் பின்புறத்திலிருந்து ஒரு பச்சை ஒயர் இரண்டு விரற்கடை தூரம் கீழே வந்து, மற்ற இரண்டு ஒயர்களோடு குழாய்க்குள் நுழையாமல், மோதிரம்போல வளைந்து, நுனியில் கறுப்பு டேப் சுற்றப்பட்டு, பெட்டிக்குள்ளேயே சாவதானமாகப் படுத்திருந்தது. "ஏனுங்க, இதைப் பாருங்க, எர்த் ஒயரு பைப்புக்குள்ளயே போகலீங்க; பொட்டிக்குள்ளயே சுத்தி வெச்சுட்டுப் போயிருக்கறாங்க" என்றார். வீடு கட்டிய நாள் முதல் அது அப்படியே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று துளையும் உண்டு, மூன்று பின் பிளக்கும் உண்டு. உரிமையாளரிடம் சொன்னவுடன் அவரே நேரில் வந்து பார்த்து, முகம் வாடி, அன்றே மெயின் போர்டு வரைக்கும் புது ஒயர் இழுக்கச் சொன்னார். தம்முடைய தகப்பனார் காலத்தில் இந்தக் குளியலறையில்தான் எல்லோரும் குளித்தோம் என்று அவர் சொன்னபோது அவருடைய குரலில் இருந்த பதற்றத்தை நான் மறக்கவில்லை. அவர் அறிந்து செய்த பிழையல்ல. ஆனால் அவர் வீடு, அவர் சுவர், அவரால் மட்டுமே சீர்செய்யக்கூடியது.

இதைவிடக் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. எர்த் ஒயர் கிடைக்காத இடத்தில், பிளக்கின் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து முடிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தால் பல்பு பிரகாசமாக எரியும். எர்த் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். வழியில் எங்கேனும் நியூட்ரல் ஒயர் அறுந்த மாத்திரத்தில், கெட்டுப்போகாத புத்தம்புதிய கீசரின் உடம்பிலேயே முழு 230 வோல்ட்டும் வந்து நின்றுவிடும். ஆகையினால் பல்பு எரிந்ததென்று திருப்தியடையாமல், தகட்டைக் கழற்றிக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் வீடுகளின் எர்த் குழிகள், கரியும் உப்பும் இட்டு ஒரு காலத்தில் நன்றாகப் புதைக்கப்பட்டவை, கோடையில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் வறண்டு கிடக்கின்றன. அப்படிப்பட்ட குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே போகக்கூடிய மின்சாரம் 23 ஆம்பியர்தான். போர்டில் 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டியிருந்தால் அது அசையவே அசையாது. அது ஒயரைக் காக்க வந்த காவல். மனிதரைக் காக்க வந்ததன்று. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்து, 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிவு ஏற்பட்டாலே, ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும் அருமையான காவல் அது. அடிக்கடி விழுகிறதே என்று சலித்துக்கொண்டு அதைக் கழற்றி நேராக முடிந்துவிட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அது விழுகிறதென்றால் வீட்டில் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். கசிவைத் தேடுங்கள்; காவலை நீக்காதீர்கள்.

இனி, கீசரின் அடியில் தொங்கும் அந்தச் சிறு பித்தளை வால்வுக்கு வருகிறேன்.

நம் பாட்டிமார் வெந்நீர் போட்ட செம்புத் தவலைக்கும், நடுவே கரி எரியும் புகைபோக்கி வைத்த பாய்லருக்கும் ஆபத்து என்பது பெரும்பாலும் நெருப்போடு முடிந்தது. தண்ணீர் கொதித்தால் மூடி தூக்கிக்கொள்ளும், ஆவி வெளியே போய்விடும். கீசரோ நாற்புறமும் மூடிய கலம். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாகும்போது அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகவே விரிகிறது. தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. குளிர்நீர்க் குழாயில் தண்ணீர் பின்னோக்கிப் போகாதபடி தடுப்பு இருக்குமானால், விரிந்த அந்த அரை லிட்டர் எங்கே போகும்? அதற்காகவே அந்த வால்வு. சாதாரணமாக 8 பார் அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய எண்பது மீட்டர் உயரமுள்ள தண்ணீர்த் தூணின் அழுத்தத்தில், அது திறந்து சில சொட்டுகளை வெளியே விடும். ஆகவே கீசர் சூடாகும்போது அந்த வால்வு சொட்டுவது பழுதன்று. அது தன் தர்மத்தைச் செய்கிறது. ஓயாமல் ஒழுகினால்தான் அது பழுது. அப்போது மாற்ற வேண்டியது வால்வை.

இது தெரியாமல், தரை ஈரமாகிறது என்பதற்காக, அந்தச் சிறு துவாரத்தில் வேப்பங்குச்சியைச் சீவி அடித்தும், எம்-சீலை அப்பியும் வைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் காப்பாற்ற வேண்டிய கட்-அவுட்டும் சரியாக வேலை செய்கிற வரையில் ஒன்றும் நேராது. ஒரு நாள் அவை இரண்டும் உப்பிலும் துருவிலும் ஒட்டிக்கொண்டு, சுவிட்சைப் போட்டவர் மறந்து வெளியே போய்விட்டால், உள்ளே தண்ணீரின் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டியும், அழுத்தத்தின் காரணமாகக் கொதிக்காமலே ஏறிக்கொண்டு போகும். தொட்டி பிளந்த கணத்தில் அத்தண்ணீரின் ஒரு பகுதி திடீரென்று ஆவியாகிறது. ஆவியாக மாறும் நீரின் கன அளவு ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. கதவையும் சுவரையும் தள்ளிக்கொண்டு போகும் பலம் அதற்கு உண்டு. ஆதலால் புதிய கீசரோடு புதிய வால்வையே மாட்டச் சொல்லுங்கள். பழையதைத் துடைத்து மாட்ட விடாதீர்கள். அதன் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். நீல வளையமுள்ள குளிர்நீர்ப் பக்கத்தில் அது இருக்க வேண்டும்; அதற்கும் தொட்டிக்கும் நடுவே வேறு எந்த அடைப்பு வால்வும் வரக்கூடாது. சொட்டுத் துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தரைத் துவாரம் வரைக்கும் இறக்கிவிட்டால், குச்சி அடிக்கும் எண்ணமே குடியிருப்பவருக்குத் தோன்றாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். இரண்டு கிலோவாட் கீசர் எட்டரை ஆம்பியருக்கு மேலும், மூன்று கிலோவாட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய ஒயரிலிருந்தும் சிறு பிளக்கிலிருந்தும் அதை எடுப்பது நெருப்பை அழைப்பதாகும். 16 ஆம்பியர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயரும், மெயினிலிருந்து தனிப் பாதையும் வேண்டும். 25 லிட்டர் தொட்டி தண்ணீரோடு சேர்ந்து முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆணி நிற்காது. வெந்நீர்ப் பக்கத்தில் வெள்ளை பி.வி.சி. குழாய் இளகிவிடும், சி.பி.வி.சி.யோ உலோகமோதான் பொருந்தும். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, தண்ணீர் தடையின்றி வருவதைக் கண்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும். இல்லாவிட்டால் புது எலிமென்ட் வெறுந்தொட்டியில் எரிந்து போகும். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும்; குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் தெர்மோஸ்டாட்டின் திருகியை அதற்குக் கீழேயே வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தொட்டியைத் துருவிலிருந்து காப்பதற்காக உள்ளே மக்னீஷியத்தாலான ஒரு தண்டு வைத்திருக்கிறார்கள். உப்பின் அரிப்பைத் தானே வாங்கிக்கொண்டு கரைந்துபோவதுதான் அதன் வேலை. கரைந்தபின் மாற்றாவிட்டால் அரிப்பு தொட்டியைத் தின்னத் தொடங்கும். போர் தண்ணீர் வரும் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறையேனும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பதினோரு மாதத்தில் போகிறவர் இதற்குச் செலவிடுவார் என்று எதிர்பார்ப்பது தர்மமாகாது. அவர் போவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில், சுவருக்கு வெள்ளையடிக்கிற அந்த வாரத்திலேயே, உங்கள் செலவில் இதையும் செய்து வைத்தால் தொட்டியின் ஆயுள் கூடும்; அது உங்களுக்கே லாபம்.

கேஸ் கீசரைப் பற்றி நான் மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன். மின்கட்டணம் குறையும் என்ற உத்தேசத்தோடு, ஜன்னலை அட்டை வைத்து அடைத்த நாலடிக்கு ஐந்தடிக் குளியலறைக்குள்ளேயே அதை மாட்டிக் கொடுக்கிறார்கள். 1868-இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் குளிப்பதற்கான கேஸ் கொதிகலனை முதன்முதலில் அமைத்தபோது, எரிந்த புகை வெளியேற அதில் புகைபோக்கி இல்லை என்பது பெருங்குறையாயிருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே குறையை நாம் நம் கையால் நம் வீடுகளுக்குள் கொண்டு வைக்கிறோம். பிராணவாயு போதாத சிற்றறையில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு பற்றிக்கொள்ளும் அந்த விஷவாயு, குளிப்பவருக்கு இலேசான தலைச்சுற்றல் என்று தோன்றும்போதே கதவின் தாழ்ப்பாளை நீக்கும் பலத்தையும் பறித்துவிடுகிறது. கேஸ் கீசர்தான் வேண்டுமென்றால் அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோடும் பால்கனியிலோ பின்கட்டிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கு இடமில்லாத வீட்டில் கேஸ் கீசரே வேண்டாம். நீங்கள் வைத்திருந்தால் இந்த வாரமே கழற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க மின்சாரம் செலவாவது ஏறக்குறைய ஒரு யூனிட், அவ்வளவுதான்.

இவற்றுக்கெல்லாம் செலவாகுமே என்பீர்கள். ஆகும். ஆனால் நீங்கள் அட்வான்ஸாக வாங்கி வைத்திருக்கும் தொகையோடு ஒப்பிட்டால், ஓர் ஆர்.சி.சி.பி.யும் ஒரு வால்வும் சில மீட்டர் பச்சை ஒயரும் சொற்பம். பொருளை வாங்கும்போது ஐ.எஸ். 2082 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும் வேலையில் குழாயைப் பிளம்பரிடமும், மின்சாரத்தை அரசுச் சான்று பெற்ற ஒயர்மேனிடமும் தனித்தனியே ஒப்படையுங்கள். இரண்டையும் ஒருவரே முடித்துக்கொடுக்கட்டும் என்ற சௌகரியத்தினால்தான் பெட்டிக்குள் பச்சை ஒயர் மோதிரமாகிறது. கூலியில் பேரம் பேசி அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். மாணவர்களும் வேலைக்கு வந்த இளைஞர்களும் அறைக்கு நாலு பேராகத் தங்கும் விடுதிகளை நடத்துகிறவர்கள் இவ்விஷயத்தில் இரட்டிப்பு ஜாக்கிரதையோடு இருக்க வேண்டும். அங்கே ஒரே கீசரில் காலை முழுவதும் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கிறார்கள், எதையும் கேட்டுப் பெறும் துணிவு அவர்களுக்கு இருப்பதில்லை.

வேலை முடிந்ததும், உங்களிடம் நான் வேண்டுவது இன்னும் ஒன்று. எர்த் ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தியபோது அது விழுந்ததா, வால்வை மாற்றிய தேதி எது, மக்னீஷியத் தண்டை எப்போது பார்க்க வேண்டும், வேலை செய்தவர் யார் என்பவற்றை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி, மெயின் போர்டின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். கீசரின் உத்தரவாத அட்டையை உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளாமல், வீட்டில் இருப்பவர் கையில் கொடுங்கள். சாவியை ஒப்படைக்கும்போது, வால்வு சொட்டினால் அடைக்க வேண்டாம், சுவிட்சை அணைத்துவிட்டுக் குளியுங்கள், குழாயைத் தொட்டால் சிறிது சுரீரென்றாலும் உடனே மெயினை நிறுத்திவிட்டு எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள் என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் போன் செய்யும்போது எடுங்கள்.

இங்ஙனம்,
வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவன்,
கோயம்புத்தூர்.